பாதித்தாள்காரரின் சட்டைப்பை

ஊரில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பாதித்தாள்காரர் என்றால் உடனே தெரியும். மெஷின் கெட்டுப்போனால் மற்ற மெக்கானிக்குகள் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், எதையாவது மாற்றவேண்டும் என்பார்கள். இவர் ஒரு தாளை ஓடவிடுவார். அது உள்ளே பாதி வழி போயிருக்கும்போது மெஷினைப் பட்டென்று நிறுத்துவார். கதவைத் திறந்து, அந்தப் பாதித்தாளைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முழுசாக ஓடி முடிந்துவிட்டால் உள்ளே இருக்கிற எல்லாப் பாகங்களும் நல்லவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும், பாதியில் பிடித்தால்தான் யார் மேல் தப்பு என்று தெரியும் என்பது அவர் கட்சி.

அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. மெஷினுக்குள் டிரம் என்று ஓர் உருளை இருக்கிறது. அதன் உடம்பு முழுக்க மின்சாரம் ஏற்றி, அதன்மேல் அசல் தாளின் வெளிச்சத்தை விழச் செய்கிறார்கள். வெள்ளை விழுந்த இடத்தில் மின்சாரம் ஓடிப்போய்விடும். எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் தங்கும். கறுப்புத் தூள் வந்து அந்த எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெறுந்தாள் டிரம்மை உரசிக்கொண்டு போகும். தாளின் முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பி, டிரம் பிடித்திருப்பதைவிடப் பலமாகத் தூளை இழுக்கும். தூள் டிரம்மை விட்டுத் தாளுக்குத் தாவும். மையென்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது மையே இல்லை, வெறும் பொடி. அந்த நிலையில் ஊதினால் பறந்துவிடும், விரலால் தொட்டால் அழிந்துவிடும். அதற்கப்புறம் இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே தாள் நசுங்கிப் போகும்போதுதான் பொடி உருகித் தாளோடு தாளாகிறது. அதற்குமேல் அழிக்க முடியாது.

இதை அவர் வாடிக்கையாளர்களுக்குக் கல்யாணக் கதையாகவே சொல்லுவார். டிரம் பிறந்த வீடு, தாள் புகுந்த வீடு, சூட்டு உருளை மாமியார் என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருடைய தங்கை ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள். புருஷன் இன்னொரு வீட்டிலும் புருஷனாக இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரிந்திருந்தது. அழவில்லை. "அண்ணி, என் பழைய தலையணை இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதிலிருந்து அவர் அந்தக் கல்யாணக் கதையை யாருக்கும் சொன்னதில்லை.

அம்மா போனபிறகு அவளை வளர்த்தவர்கள் இவரும் இவர் மனைவியும்தான். அதனால் தங்கை என்று சொன்னாலும் பாதி மகள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டாம் என்று தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். அவள் கை அப்படி ஒரு கை. சிக்கிய தாளைக் கிழியாமல் எடுப்பதில் அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். தேர்வு அலுவலகத்தில் கேள்வித்தாள் நகலெடுக்கும் அறைக்கு ஆள் தேவை என்றபோது, இவர் வாயைத் திறக்குமுன்பே அவளை எடுத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு அனுப்புமுன் ஒரே ஒரு விதியை அவள் மண்டையில் ஏற்றினார். முதலில் கதவு, பிறகு கை. மெஷினின் முன்கதவில் ஒரு சின்ன நாக்கு உண்டு. கதவை மூடினால் அது ஓர் ஓட்டைக்குள் போய் உள்ளே இருக்கும் சுவிட்சை அழுத்தும். கதவைத் திறந்தால் நாக்கு வெளியே வரும், மெஷின் அப்படியே செத்துப்போகும். கம்பியில் மின்சாரம் இருக்காது, உருளை ஒன்றும் சுற்றாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னார் என்றால், அவருடைய இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. சின்ன வயதில் சூட்டு உருளை வாங்கிக்கொண்டது. தினமும் காலையில் அவள் செருப்பை மாட்டும்போது கேட்பார்.

"தாள் சிக்கினா?"

"கதவத் தொறப்பேன். மெஷின் செத்துடும். அப்புறம்தான் கை." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். "போதுமாண்ணா? இல்ல, சத்தியம் பண்ணணுமா?"

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுப்பாள். "எனக்கு ஒருநாளாவது இப்படி அடுப்பப் பத்தி சொல்லிருக்காரா பாரு."

ஆனால் மெக்கானிக்குகள் தங்களுக்கென்று ஒரு திருட்டு வழி வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எப்படி வேலை செய்வது? அதனால் ஒரு பிளாஸ்டிக் துண்டை அந்த ஓட்டையில் செருகிவிடுவார்கள். கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும், வாயைத் திறந்துகொண்டே ஓடும். இவருடைய துண்டு ரோஸ் நிறம். தங்கை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவளுடைய பல் பிரஷ்ஷின் பிடியை வெட்டித் தேய்த்துச் செய்தது. அதற்காக அவள் ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அன்றுமுதல் அது அவர் சட்டைப்பையில்தான் குடியிருந்தது. சட்டை துவைக்கப் போகுமுன் மனைவி எடுத்து வைப்பாள். வேலை முடிந்து கதவை மூடியதும் பையைத் தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். பார்க்காவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. துண்டு உள்ளே இருந்தால் நாக்குக்கு இடம் இருக்காது, கதவு மூடவே மூடாது.

அந்த வாரம் முழுக்க மழை. சுவரெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தது. தேர்வு அலுவலகத்து மெஷின் வெளிறிய தாள்களாகத் துப்புகிறது என்று காலையிலேயே ஆள் வந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியில் போனார்கள்.

நீண்ட நடைவழியின் கடைசியில் அந்த அறை. ஜன்னல்களை உள்ளேயிருந்து பலகை அடித்து மூடியிருந்தார்கள். கூரைக்குக் கீழே கம்பி போட்ட ஒரு காற்றுத்துவாரம் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன், ஒரு தட்டு. உள்ளே போகிறவர்கள் போனை அணைத்து அந்தத் தட்டில் வைக்கவேண்டும். உள்ளே அந்த அறைக்குப் பொறுப்பான மேடம் காத்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாள் வெளியே போய்விடுமோ என்ற பயத்திலேயே தலை நரைத்தவர் அவர். கையில் சாவிக்கொத்து, நிற்காமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

மெஷின் பழசு. கரண்ட் கொடுத்ததும் உறுமிக்கொண்டு எல்லா உருளைகளையும் ஒரு சுற்று சுற்றித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் ரகம். பாதித்தாளை எடுத்துப் பார்த்தார். டிரம்மில் எழுத்து கறுகறுவென்று அப்படியே இருந்தது, தாளில் பேருக்குக் கொஞ்சம். ஆக, தாவவேண்டிய தூள் தாவவில்லை. ரோஸ் துண்டைச் செருகிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் தாளுக்குப் பின்னாலிருக்கும் கம்பி நீலமாக மினுங்கியது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இருட்டு, பக்கத்தில் சடசடவென்று பொறி. தங்கை குனிந்து பார்த்தாள்.

"பாக்க அழகா இருக்குண்ணா."

"தொட்டுப் பாரு, இன்னும் அழகா இருக்கும்," என்று அதட்டிவிட்டு, மெஷினை நிறுத்திக் கம்பியைத் துடைத்தார்.

அடுத்த தாளில் எழுத்து கன்னங்கரேலென்று வந்தது. தாளைக் கையில் எடுத்தவர் முகம் சுளித்தார். நுனி சுருண்டிருந்தது. "மேடம், கட்டெல்லாம் ஈரம் குடிச்சிருக்கு. இன்னிக்குக் கட்டாயம் சிக்கும். வேற தாள் இருக்கா?"

"இருக்கறதவச்சுத்தான் ஓட்டணும். உங்க வேல முடிஞ்சுதா? நான் கதவப் பூட்டணும். சாயங்காலம் வரைக்கும் வெளியாள் யாரும் உள்ள இருக்கக்கூடாது." சாவிக்கொத்து அவர் காதருகே குலுங்கியது. அவர் அவசரமாக மெஷின் கதவை மூடினார். மூடியது. கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குக் கிளம்பியது. அதற்குள் மேடம் அவருடைய கருவிப்பையைத் தானே எடுத்து அவர் கையில் திணித்துவிட்டார். இவர் வாசலில் நின்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"தாள் சிக்கினா?"

"கதவத் தொறப்பேன், மெஷின் செத்துடும்," என்றாள் தங்கை, தலை நிமிராமல். "போண்ணா, மேடம் மொறைக்கறாங்க."

அடுத்த வேலை ஊரின் மறுகோடியில், ஓர் அக்கா நடத்தும் ஜெராக்ஸ் கடையில். அந்த அக்காவுக்கு வாய் ஓயாது. "உங்க பாதித்தாள எடுத்து எடுத்தே என் தாள்ல பாதி போச்சு," என்று ஆரம்பித்தார். இவர் சிரித்துக்கொண்டே மெஷின் கதவைத் திறந்தார், துண்டுக்காகச் சட்டைப்பையில் கையை விட்டார்.

இல்லை.

கால்சட்டைப் பையில் பார்த்தார். கருவிப்பையைத் தரையில் கவிழ்த்தார். அக்கா, "என்ன தொலைச்சீங்க, தங்கமா?" என்றார். வீட்டில் இருக்குமோ? இருக்காது, காலையில் இருட்டில் செருகியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் கதவு மூடியதே, எப்படி மூடும்? அப்போதுதான் அந்தப் பழைய மெஷினின் ஓட்டை கண்ணுக்குள் வந்தது. எத்தனையோ வருஷம் திறந்து மூடித் தேய்ந்து, வாய் அகன்றுபோன ஓட்டை. அதில் துண்டும் போகும், பக்கத்திலேயே நாக்கும் போகும்.

தாள் சிக்கினால் மெஷின் தானாகவே நின்றுவிடும். அதுவரைக்கும் சரி. அவள் கதவைத் திறப்பாள். மெஷினைப் பொறுத்தவரை கதவு மூடியேதான் இருக்கிறது. அவள் கையை விட்டுத் தாளை இழுப்பாள். கடைசித் துணுக்கு வெளியே வந்ததும், வழி சுத்தமாகிவிட்டது என்று நினைத்து மெஷின் விட்ட வேலையைத் தொடங்கும். அவள் விரல்கள் அப்போதும் உள்ளே, அந்த இரண்டு சூட்டு உருளைகளின் வாயில் இருக்கும். தன் மொட்டைக் கட்டைவிரலைப் பார்த்தார். கதவைத் திறந்தால் மெஷின் செத்துவிடும் என்று ஒரு நாள் விடாமல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த வார்த்தையை நம்பித்தானே அவள் தயங்காமல் கையை விடுவாள்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. தட்டு நினைவுக்கு வந்தது. அலுவலக எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கருவிகளைத் தரையிலேயே போட்டுவிட்டு வண்டியை உதைத்தார். பின்னால் அக்கா, "என் மெஷினத் தொறந்துபோட்டுட்டுப் போறீங்களே!" என்று கத்தியது காதில் விழவில்லை.

மழை முகத்தில் அடித்தது. சிக்கியிருக்காது, இன்னும் சிக்கியிருக்காது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். கட்டாயம் சிக்கும் என்று காலையில் சொன்ன வாயும் அதே வாய்தான். போகிற வழியெல்லாம் அவள் கைதான் கண்ணில் நின்றது. புருஷன் வீட்டை உதறிவிட்டு வந்தவள், யார் தயவிலும் இருக்கமாட்டேன் என்று சம்பாதித்துக் காட்டியது அந்தக் கையால்தான்.

சொட்டச் சொட்ட நடைக்குள் ஓடினார். வாட்ச்மேன் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போறீங்க? பூட்டியாச்சு. சாயங்காலம் வரைக்கும் ஈ காக்கா நுழையக்கூடாது."

"ஐயா, மெஷின்ல ஒரு துண்ட மறந்து வச்சுட்டேன். என் தங்கச்சி கை போயிடும். தொறங்க."

"போன வருஷம் ஒருத்தர், மாமியார் செத்துட்டாங்கன்னு சொல்லி உள்ள போகப் பாத்தார். மாமியாரே பின்னாடி வந்து நின்னுச்சு." வாட்ச்மேன் தன் நகைச்சுவையை ரசித்தார். "போய் உக்காருங்க. மேடம் வெளிய வரட்டும்."

அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவை இரண்டு கைகளாலும் அறைந்தார். தங்கையைக் கூவி அழைத்தார். உள்ளே காற்றை வெளியேற்றும் விசிறி இரைந்தது, அதற்கடியில் மெஷின் சத்தம், டக் டக்கென்று ஒரே சீராகத் தாள் ஏறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் திமிறவில்லை. அந்தச் சத்தம் நிற்காமல் இருக்கட்டும் என்று காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். ஓடும்வரை அவள் கை வெளியேதான் இருக்கும்.

கரக் என்று ஏதோ மடங்கியது. மெஷின் நின்றது.

விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது எழுந்திருப்பாள். கதவைத் திறப்பாள். குனிவாள். வாட்ச்மேன் பிடியிலிருந்து சட்டை கிழியத் திமிறிக்கொண்டு, மாடிப்படிக்கு அடியிலிருந்த மின்பெட்டியை நோக்கி ஓடினார். அதன் மூடியைப் பிய்த்து மெயினைக் கீழே இழுத்தார். கட்டடம் முழுக்க விளக்கும் விசிறியும் அடங்கின. எங்கெங்கோ அறைகளில் 'கரண்ட் போச்சு' என்ற முனகல் கேட்டது. உடனே அறையை நோக்கித் திரும்பி ஓடினார்.

பூட்டு திறந்துகொண்டது. மேடம் தலையை நீட்டினார். "யாருய்யா மெயின அணைச்சது?"

"இவர்தான் மேடம்! பைத்தியம் மாதிரி பண்றார்!"

மேடத்தின் பக்கவாட்டில் நுழைந்து அவர் உள்ளே போனார். காற்றுத்துவாரத்திலிருந்து விழுந்த சாம்பல் வெளிச்சத்தில் தங்கை தெரிந்தாள். மெஷினின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. வலதுகை முழங்கைவரை உள்ளே. நிமிர்ந்து பார்த்தவள் ஆச்சரியத்தோடு சிரித்தாள்.

"நீ எங்கண்ணா இங்க? நனஞ்சு போயிருக்க. பயப்படாத, நீ சொன்ன மாதிரி கதவத் தொறந்துட்டுத்தான் கை வச்சேன். டக்குனு செத்துடுச்சு பாரு. தாள் நுனி கிழிஞ்சு உருளைக்குள்ள நிக்குது, இதோ, வந்துடும்."

வெளியே மேடம், "பாத்துக்கிட்டே நின்னா? போய்ப் போடுய்யா மெயின!" என்று கத்துவது கேட்டது. வாட்ச்மேனின் பூட்ஸ் சத்தம் மாடிப்படியை நோக்கி விரைந்தது. மேடம் சொல்லிவிட்டால் அந்த மனுஷன் யோசிக்கவே மாட்டார், கரண்ட் வந்ததும் இந்த மெஷின் தானாக ஒரு சுற்று சுற்றும்.

"கைய எடு," என்றார்.

"கதவு தொறந்துதானேண்ணா இருக்கு? இரு, வந்துடுச்சு."

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அவள் பின்னால் சரிந்து விழுந்தாள். விழுந்த அதே கணத்தில் விளக்கு எரிந்தது, விசிறி உதறிக்கொண்டது, மெஷின் உறுமியது. திறந்த கதவுக்குள் அத்தனை உருளைகளும் சுற்றின. கம்பி நீலமாக மினுங்கியது. அவள் விட்ட தாள் சூட்டு உருளைகளுக்குள் வெடுக்கென்று போய், மறுபக்கம் தட்டில் வந்து விழுந்தது. இரண்டு பேரும் தரையில் கிடந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, கதவு தொறந்துதானே இருக்கு?" அவள் மறுபடி கேட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அவர் ஊர்ந்துபோய் அந்த அகன்ற ஓட்டைக்குள் விரலை விட்டுத் துண்டைப் பிடுங்கினார். மெஷின் அடங்கியது. உள்ளங்கையில் ரோஸ் நிறத்தில் அது கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"என் பிரஷ்ஷு," என்றாள்.

"காலையில மறந்துட்டேன்." அவருக்கு அழுகை வந்துவிட்டது. தங்கைக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. மேடம் வாசலில் நின்றார், சாவிக்கொத்துகூடச் சத்தம் போடவில்லை.

தங்கை எழுந்து தட்டிலிருந்த தாளை எடுத்தாள். கிழிந்த நுனி, கோணலாக ஓடிய கேள்விகள். நடுவில் நான்கு விரல்கள் பொடியை இழுத்துக்கொண்டுபோன தடம், அப்படியே உருகித் தாளில் பதிந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. கெட்டுப்போன தாளையும் ஒப்படைக்கவேண்டும் என்பது அந்த அறையின் சட்டம், அதனால் அதை மேடத்திடம் கொடுத்தாள்.

வீட்டில் இதைப்பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. சட்டை ஏன் கிழிந்தது என்று மனைவி கேட்டதற்கு, ஆணி மாட்டியது என்றார். அவள் நம்பவில்லை, ஆனால் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை தங்கை செருப்பு மாட்டும்போது, வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"தாள் சிக்கினா?"

அவள் ஒப்பிக்கவில்லை. அண்ணன் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் கிடையாது, சாப்பாட்டில் அவருக்குப் பிடித்ததை எப்போதும்போல அவர் பக்கம்தான் தள்ளிவைக்கிறாள். ஆனால் அவர் அந்த அறையில் மெஷின் பார்க்க வரும் நாட்களில், வேலை முடிந்து அவர் கதவை மூடப்போகும்போது உள்ளங்கையை நீட்டுகிறாள்.

"துண்டக் குடு."

அவர் கொடுக்கிறார். அதை வாங்கித் தன் கையில் இறுக்கிக்கொண்ட பிறகே கதவை மூட விடுகிறாள். அவர் போனபிறகு தாள் சிக்கினால் கதவைத் திறக்கிறாள், மெஷின் செத்துப்போகிறது. அதற்கப்புறமும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, வயரோடு இழுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டுதான் கையை உள்ளே விடுகிறாள்.